முள்ளைப் பிடுங்கலாம், பிரசவ வலியைத் தணிக்கக் கூடாதா? சபை மேய்ப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய போதகர்களே, ஆயர்களே, சபை மூப்பர்களே,

ஸ்தோத்திரம். ஒரே ஒரு வசனத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். ஆதியாகமம் 3:16. "நீ கர்ப்பவதியாயிருக்கும்போது உன் வேதனையை மிகவும் பெருகப்பண்ணுவேன்; வேதனையோடே பிள்ளை பெறுவாய்; உன் ஆசை உன் புருஷனைப் பற்றியிருக்கும், அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்." இந்த வசனத்தை நீங்கள் இரண்டு இடங்களில் எடுக்கிறீர்கள். ஒன்று பிரசவ அறையின் வாசல். மற்றொன்று, கணவனோடு இனி வாழ முடியவில்லை என்று ஒரு பெண் உங்கள் முன் வந்து உட்காரும் நாற்காலி. இரண்டு இடத்திலும் "பொறுத்துக்கொள், தேவன் விதித்தது இது" என்ற பொருளில்தான் அது சொல்லப்படுகிறது. அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் பிரசவ வார்டில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேதாகமம் தேவனுடைய வார்த்தை என்று நம்புகிறவள். ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அவர்களோடு சேர்ந்தவள் அல்ல. அந்த அதிகாரத்தை முழுமையாக வாசியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அங்கே சபிக்கப்பட்டது யார்? சர்ப்பம் சபிக்கப்படுகிறது. ஆதாமிடம் பேசும்போது, "பூமி உன் நிமித்தம் சபிக்கப்பட்டிருக்கும்" என்கிறார் கர்த்தர். ஸ்திரீயிடம் சொன்ன வாக்கியத்தில் சாபம் என்ற பேச்சே இல்லை. அவளுக்கு வேதனை அறிவிக்கப்படுகிறது, சாபம் அறிவிக்கப்படவில்லை. "ஏவாளின் சாபம்" என்று பிரசங்கங்களில் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பாம்புக்கும் நிலத்துக்கும் சொன்னதை எடுத்து, பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணின் தலையில் வைக்க நமக்கு அதிகாரம் தந்தது யார்?

அடுத்த மூன்று வசனங்களுக்கு வாருங்கள். நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும், முகத்தின் வேர்வையால் ஆகாரம் புசிப்பாய் என்று ஆதாமுக்குச் சொல்லப்பட்டது. களை பிடுங்குகிற உழவனைப் பார்த்து, "ஐயோ, கர்த்தர் விதித்த முள்ளைப் பிடுங்குகிறாயே" என்று எந்தப் போதகராவது அழுதது உண்டா? டிராக்டர் வந்தது, நீர் இறைக்கும் மோட்டார் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது. எல்லாவற்றுக்கும் நன்றி ஏறெடுத்தோம். பிரதிஷ்டை ஜெபம்கூடச் செய்தோம். பிரசங்க மேடையில் போதகருக்கு வேர்க்காமல் இருக்க மின்விசிறி சுழல்கிறது. அது 3:19-க்கு விரோதம் என்று ஒருவரும் எழுந்து சொல்லவில்லை. ஆணின் வேர்வையைத் துடைப்பது ஞானம், பெண்ணின் வலியைத் தணிப்பது அவிசுவாசம் என்றால், இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொண்டுதான் நாம் வேதம் வாசிக்கிறோம்.

இன்னொன்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அதைக் குறித்துப் பிரசங்கம் கேட்டது அபூர்வம். தீர்ப்புச் சொல்லி முடித்த தேவன், அவர்களைத் தோட்டத்திலிருந்து அனுப்புவதற்கு முன்னால் என்ன செய்தார்? தோல் உடைகளை உண்டாக்கி அவர்களுக்கு உடுத்தினார். நிர்வாணத்தைக் கண்டு கூசிய அந்த வெட்கம் பாவத்தின் விளைவு. "நீங்கள் சம்பாதித்த வெட்கம், அப்படியே நில்லுங்கள்" என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. விழுகைக்குப் பின் மனிதன் பட்ட துன்பத்துக்கு முதல் நிவாரணம் கொடுத்தவர் தீர்ப்புச் சொன்ன அதே தேவன். இந்த 21-ஆம் வசனத்தை வைத்துக்கொண்டுதான் 16-ஆம் வசனத்தை வாசிக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

"பெருகப்பண்ணுவேன் என்று சொன்னவர் தேவன் அல்லவா? அது அவருடைய தீர்ப்பு அல்லவா?" என்று கேட்பீர்கள். ஆம், தீர்ப்புதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மரணமும் அதே தீர்ப்பில் அடங்கியதுதானே? "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்." அப்படியிருந்தும் வியாதிப்படுகிறவர்களுக்காக மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறார் யாக்கோபு. லாசருவின் கல்லறை முன் நின்று "மரணம் விதிக்கப்பட்டதுதானே" என்று இயேசு திரும்பிப் போகவில்லை. கண்ணீர் விட்டார், அவனை எழுப்பினார். சபையார் ஒருவருக்கு மாரடைப்பு என்றால் நீங்களே ஆம்புலன்ஸை அழைக்கிறீர்கள். தீர்ப்பின் மற்ற எல்லாப் பகுதிகளையும் எதிர்த்து நிற்கலாம் என்று கற்பித்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் தொடக் கூடாது என்று சொல்வதற்கு வேதத்தில் ஆதாரம் எங்கே?

இந்த விவாதம் புதியதும் அல்ல. 1847-ஆம் ஆண்டு எடின்பரோவில் பேறுகால மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் யங் சிம்சன், வலி தெரியாமலிருக்க முதலில் ஈதர், பிறகு குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்துகளைப் பிரசவத்தில் பயன்படுத்தினார். மதத்தின் பெயரால் எழும் மறுப்புகளுக்குப் பதிலாக அதே ஆண்டில் ஒரு சிறுநூலையும் வெளியிட்டார். முள்ளையும் குருக்கையும் பிடுங்குகிற உழவனைக் குற்றம் சொல்லாதவர்கள் மருத்துவனை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வார்கள் என்று அவர் அன்றே கேட்டுவிட்டார். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன்பு தேவன் அவனுக்கு அயர்ந்த நித்திரை வரப்பண்ணினார் என்ற ஆதியாகமம் 2:21-ஐயும் எடுத்துக் காட்டினார். உலகத்தின் முதல் அறுவைச் சிகிச்சை வலியில்லாமல் நடந்தது, அதைச் செய்தவர் சிருஷ்டிகர்! 1853 ஏப்ரலில் இளவரசர் லியோபோல்ட் பிறந்தபோது, இங்கிலாந்து திருச்சபையின் தலைமைப் பொறுப்பில் இருந்த விக்டோரியா அரசி, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் கொடுத்த குளோரோஃபார்மை ஏற்றுக்கொண்டார். 1956 ஜனவரியில் போப் பன்னிரண்டாம் பத்திநாதர், பிரசவத்தை எளிதாக்கவும் வலியைக் குறைக்கவும் வழி தேடுவதை ஆதியாகமத்தின் அந்த வார்த்தை தடுக்கவில்லை என்று மருத்துவர்களிடம் தெளிவாகவே சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரே தீர்த்துச் சொன்ன கேள்வியை நம் சபைகளில் இன்னும் பிரசவ அறை வாசலில் கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறோம்.

கிசுகிசுப்பு என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? நீங்கள் யாரும் "வலி மருந்து பாவம்" என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்வதில்லை. அது எனக்குத் தெரியும். அந்த வசனத்தை ஒரு விளக்கமும் இல்லாமல் விட்டுவிட்டுப் போகிறீர்கள். மிச்சத்தை வீட்டுப் பெரியவர்கள் செய்துமுடிக்கிறார்கள். முதல் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணை நினைக்கிறேன். பனிக்குடம் உடைந்து ஒரு பகலும் பாதி இரவும் கடந்திருந்தது. கர்ப்பப்பை வாய் பாதிதான் திறந்திருந்தது. வலி வரும் ஒவ்வொரு முறையும் கட்டிலின் இரும்புக் கம்பியை அவள் பிடித்த பிடியில் விரல் கணுக்கள் வெளுத்துப்போயின. வலி இறங்கியதும் கை தானாக அவிழும், உள்ளங்கையில் கம்பியின் தடம் பதிந்திருக்கும். மருத்துவர் முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் பற்றி எடுத்துச் சொன்னார். அந்த நிலையில் அது அவளுக்கும் நல்லது, குழந்தைக்கும் ஆபத்தில்லை. அவள் தலையை அசைத்து மறுத்தாள். நான் குனிந்து காரணம் கேட்டேன். "இது நான் படவேண்டியதுதானே அம்மா. ஏவாளுக்குச் சொன்னது எனக்கும்தானே" என்றாள்.

அவள் விருப்பத்தை நாங்கள் மதித்தோம்; மதிக்கத்தான் வேண்டும். மருந்தே வேண்டாம், இயல்பாகப் பெற்றுக்கொள்கிறேன் என்று தெளிந்த மனதோடு முடிவெடுக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுடைய துணிவை மெச்சியும் இருக்கிறேன். ஊசி போட்டுக்கொள்வதும் போட்டுக்கொள்ளாததும் தாயும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. ஆனால் இவள் அப்படி முடிவெடுக்கவில்லை. யாருக்கோ பட்ட கடனை அடைப்பதாக நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்தக் கடன் சிலுவையில் தீர்ந்துபோயிற்று என்று ஞாயிறுதோறும் பாடும் சபையில் வளர்ந்தவள் அவள். பாவத்தின் விலையைக் கிறிஸ்து முழுமையாகச் செலுத்திவிட்டார், ஆனால் பெண்கள் மட்டும் தங்கள் பங்கைத் தவணை முறையில் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சுவிசேஷமே அல்ல, ஐயா.

இதற்கு நேர் எதிரான ஒரு போதனையும் பரவியிருக்கிறது. விசுவாசம் இருந்தால் வலியே இருக்காது என்பது அது. யாத்திராகமம் 1:19-ஐக் கர்ப்பிணிகளுக்கு வாக்குத்தத்தமாக எழுதிக் கொடுக்கிறார்கள்: எபிரெய ஸ்திரீகள் நல்ல பலமுள்ளவர்கள், மருத்துவச்சி போகுமுன்னமே பிரசவித்துவிடுவார்கள். அது யார் யாரிடம் சொன்ன பேச்சு? ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குத் தப்பிக்கொள்ள சிப்பிராளும் பூவாளும் சொன்ன பதில். கர்த்தர் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த வாக்கு அல்ல. அந்த அதிகாரத்தில் மெய்யாகவே நமக்குப் பயன்படுவது அதற்கு அடுத்த வரி: "தேவன் மருத்துவச்சிகளுக்கு நன்மைசெய்தார்." பிள்ளைப்பேற்றில் பெண்ணுக்கு உதவி செய்கிறவர்களின் பெயர்களை வேதம் எழுதிவைத்தது. அவர்களுக்கு உத்தரவிட்ட அந்தப் பார்வோனின் பெயரை அங்கே எழுதவில்லை.

விசுவாசமிருந்தால் வலியில்லை என்ற போதனையால் அடிபடுகிறவள் யார் தெரியுமா? சிசேரியன் ஆனவள். சாட்சி நேரத்தில் ஒரு சகோதரி எழுந்து, "கர்த்தர் சுகப்பிரசவம் கொடுத்தார்" என்று கண்ணீரோடு நன்றி சொல்கிறாள், சபை கைதட்டுகிறது. கடைசி வரிசையில் வயிற்றில் தையலோடு உட்கார்ந்திருப்பவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். அவளுடைய குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தபோது, சில நிமிடங்களுக்குள் அதை வெளியே எடுத்த கத்தியும் கர்த்தருடைய இரக்கம்தான் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. எழுந்து சாட்சி சொல்லும்படி அவளையும் அழையுங்கள்.

"பிள்ளைப்பேற்றினாலே இரட்சிக்கப்படுவாள்" என்ற 1 தீமோத்தேயு 2:15-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிஞர்கள் அதைப் பல விதமாக விளக்குகிறார்கள்; ஸ்திரீயின் வித்தாக வந்த கிறிஸ்துவின் பிறப்பையே அது குறிக்கிறது என்பாரும் உண்டு. எந்த விளக்கத்தை ஏற்றாலும், பிள்ளை பெறாதவளுக்கு இரட்சிப்பில் குறை உண்டு என்று பவுல் சொல்லியிருக்கவே முடியாது. மணம் செய்யாதிருப்பதே சிலருக்கு நலம் என்று கொரிந்தியருக்கு எழுதியவர் அவர். "உம்மைச் சுமந்த கர்ப்பம் பாக்கியமுள்ளது" என்ற பொருளில் கூட்டத்திலிருந்து ஒருத்தி கூவியபோது, தேவனுடைய வார்த்தையைக் கேட்டுக் காத்துக்கொள்ளுகிறவர்களே அதிகம் பாக்கியவான்கள் என்று இயேசு பதில் சொன்னார். அன்னையர் தினத்தில் மேடைக்கு அழைக்கப்படாத பெண்களுக்காகவே சொன்ன பதில் போல அது எனக்குத் தோன்றும்.

வலி என்பதோடு முடிகிற காரியமும் அல்ல இது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2023-இல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் அதை ஒட்டியும் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல். இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம், கிருமித்தொற்று: பெரும்பாலும் தடுக்கக் கூடிய காரணங்கள். வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் மருத்துவர்களைக் கைகழுவ வைத்து, பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த சாவுகளைப் பெருமளவு குறைத்ததும் சிம்சனின் அதே 1847-இல்தான். எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில் யாக்கோபின் மனைவி ராகேல் பிரசவத்தில்தான் இறந்தாள். மருத்துவச்சி "பயப்படாதே" என்றாள்; ராகேலோ சாகும்போது பிள்ளைக்கு பெனோனி, அதாவது என் துக்கத்தின் மகன், என்று பெயரிட்டாள். அந்த இடத்தில் வேதம் அவளைக் கண்டித்து ஒரு வரியும் எழுதவில்லை. யாக்கோபு கல்லறையின் மேல் ஒரு தூணை நிறுத்தினான் என்றுதான் எழுதியிருக்கிறது. "பிரசவம் என்றால் வலி இருக்கத்தானே செய்யும்" என்று அசட்டையாக இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வலியை விதி என்று பழகிய வீட்டுக்கு ஆபத்தின் அறிகுறியும் விதியாகவே தெரிகிறது.

வேதம் பிரசவ வலியை எப்படிப் பேசுகிறது என்று தேடிப் பாருங்கள். தீர்க்கதரிசிகள் தேசத்தின் கலக்கத்துக்கு அதை உவமை சொல்கிறார்கள். ஏசாயா 42-இல் பிள்ளை பெறுகிறவளைப் போலச் சத்தமிடுவேன் என்று கர்த்தர் தம்மையே அவளுக்கு ஒப்பிடுகிறார். சர்வ சிருஷ்டியும் பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார்; கலாத்தியருக்காகத் தாமே கர்ப்பவேதனைப்படுவதாகவும் எழுதுகிறார். சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு தம்முடைய சீஷர்களின் துக்கத்தைச் சொல்ல வேறு உவமை தேடவில்லை: "ஸ்திரீயானவளுக்குப் பிரசவகாலம் வந்திருக்கும்போது அவள் துக்கமடைகிறாள்." அவர் அந்தப் பெண்ணின் துக்கத்தை நன்றாகக் கவனித்தவர். வலியில் கிடக்கும் ஒரு தாயைப் பார்த்து, இது உன் பாவத்தின் கூலி என்று அவர் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்" என்று கேட்ட சீஷர்களுக்கும் அவர் அந்தப் பதிலைத் தரவில்லை.

இனி வசனத்தின் இரண்டாம் பாதி. இதுதான் என்னை அதிகம் வருத்துவது.

"அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்." இதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு எத்தனை கணவர்கள் நடக்கிறார்கள்! நடந்த வரிசையைப் பாருங்கள். முதலாம் அதிகாரத்தில் பூமியை ஆளும்படி இருவருக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. ஒருவரையொருவர் ஆளும்படி அங்கே சொல்லப்படவில்லை. இரண்டாம் அதிகாரத்தில் ஆதாம் அவளைக் கண்டதும், "என் எலும்பில் எலும்பும், என் மாம்சத்தில் மாம்சமும்" என்று பாடினான். மூன்றாம் அதிகாரத்தில், கனியைத் தின்றபின், அதே வாய் "தேவரீர் தந்த ஸ்திரீயானவள்" என்று விரலை நீட்டிற்று. ஒரு திருமணம் முறிந்த சத்தம் அது. மனைவியையும், அவளைத் தந்த தேவனையும் ஒரே வாக்கியத்தில் குற்றவாளி ஆக்கிவிட்டான். அதற்குப் பிறகு வருவதுதான் 16-ஆம் வசனம். முறிந்துபோன உறவு இனி எப்படி நடக்கும் என்று கர்த்தர் அங்கே சொல்கிறார்: அவள் அவனை நாடுவாள், அவன் அவளை அடக்குவான். அந்த ஆசை என்பது ஏக்கமா, கணவனைத் தன் பிடிக்குள் வைக்கும் விருப்பமா என்று வியாக்கியானக்காரர்கள் வாதிடுகிறார்கள். எதுவானாலும் அது காயத்தின் விவரம். காயத்தை எவராவது வாழ்க்கை ஒழுங்காக வைத்துக்கொள்வார்களா?

விவாகத்தைப் பற்றி இயேசுவிடம் கேட்டபோது அவர் எங்கே போனார்? மோசேயின் அனுமதியைத் தாண்டி, மூன்றாம் அதிகாரத்தையும் தாண்டி, முதல் இரண்டு அதிகாரங்களுக்குப் போனார். "ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை" என்றார். இருதயகடினத்தால் வந்ததை மாதிரியாக வைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆணின் தலைமைத்துவம் படைப்பிலேயே வைக்கப்பட்டது என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். பவுலின் நிருபங்களிலிருந்து அதற்கு வசனங்களும் காட்டுவீர்கள். அந்த வாதத்தைத் தீர்க்க நான் இங்கே வரவில்லை. நான் சொல்வது குறுகலானது: நீங்கள் நம்பும் தலைமைத்துவத்துக்கு 3:16 ஆதாரம் ஆகாது. தலைமை என்றால் என்ன என்று எபேசியர் 5 சொல்கிறது. கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தது போல என்கிறது. அந்த அதிகாரத்தில் கீழ்ப்படிதலைப் பற்றிய பேச்சு 22-ஆம் வசனத்தில் தொடங்கவில்லை. "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்ற 21-ஆம் வசனத்திலேயே தொடங்கிவிடுகிறது. திருமண ஆராதனைகளில் 21-ஐ விட்டுவிட்டு 22-இலிருந்து வாசிப்பதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

கணவன் சொன்னதெல்லாம் கேட்டு நடப்பதுதான் தேவபக்தி என்றால் சப்பீராளுக்கு என்ன நேர்ந்தது? கணவன் அனனியாவின் பொய்க்கு ஒத்துப்போனதற்காகவே அவள் பேதுருவின் முன் விழுந்து இறந்தாள். தனியாக விசாரிக்கப்பட்டாள், தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தன் கணவன் நாபாலின் மூர்க்கத்தைக் கேள்விப்பட்ட அபிகாயில், அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் கழுதைகளில் அப்பங்களை ஏற்றிக்கொண்டு தாவீதுக்கு எதிரே போனாள். ஒரு வீட்டையே இரத்தப்பழியிலிருந்து காத்தாள். ஆபிரகாமிடம் கர்த்தர், "சாராள் உனக்குச் சொல்வதெல்லாவற்றையும் கேள்" என்றார். இந்தப் பெண்களை வைத்துத் திருமணத்துக்கு முந்தின ஆலோசனை வகுப்பு நடத்திய போதகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வார்டில் கேட்ட இன்னொரு விஷயத்தையும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்களில் சிலர், கணவனின் படுக்கைக்கு எப்போது திரும்ப வேண்டும் என்று அச்சத்தோடு கேட்பார்கள். "ஒருவரையொருவர் வஞ்சியாதிருங்கள்" என்ற 1 கொரிந்தியர் 7:5-ஐ மேற்கோள் காட்டிக் கணவன் வற்புறுத்துவதாகச் சொன்னவளும் உண்டு. நஞ்சுக்கொடி பிரிந்த இடம் கருப்பையின் உட்சுவரில் ஒரு திறந்த புண். ஏறக்குறைய உள்ளங்கை அளவு இருக்கும். அது ஆறுவதற்கு ஏறக்குறைய 6 வாரங்கள் ஆகும். வெளியே தையல் இருந்தால் அந்த வேதனை தனி. கண்ணுக்குத் தெரியாததால் அந்தப் புண்ணைக் கணவன் மறந்துவிடுகிறான். 7:4-இல் புருஷனுடைய சரீரத்துக்கு மனைவியே அதிகாரி என்றும் எழுதியிருக்கிறதே! அப்படியானால் அவனுடைய சரீரத்தைப் பொறுத்திருக்கச் சொல்ல அவளுக்கு அதிகாரம் உண்டு. இதை ஒரு செவிலி சொன்னால் அறிவுரை. போதகர் மணமகனிடம் சொன்னால் அது வேத போதனை. தயவுசெய்து சொல்லுங்கள்.

கணவன் எங்கே நிற்க வேண்டும் என்பதிலும் சபைக்குக் கருத்து இருக்க வேண்டும். பிரசவத்தின்போது நம்பிக்கைக்குரிய ஒருவர் தாயின் பக்கத்திலேயே இருந்தால் வலி மருந்தின் தேவையும் சிசேரியனும் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைக்கிறது. அந்த ஒருவர் கணவனாக இருக்க அவள் விரும்பினால், ஒரே மாம்சம் என்று பலிபீடத்தின் முன் சொன்னவன் கதவுக்கு வெளியே நின்று கடிகாரம் பார்ப்பது ஏன்? 1522-இல் மார்ட்டின் லூதர் திருமணத்தைப் பற்றி எழுதியபோது, பிள்ளையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தகப்பனைப் பார்த்து உலகம் சிரிக்கலாம், தேவனோ தம்முடைய தூதர்களோடு மகிழ்கிறார் என்று எழுதினார். ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் நம் சபை ஆண்களுக்கு அது செய்தியாகவே இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேர் மனநலப் பாதிப்புக்கு ஆளாகிறார்கள். அதில் பெரும்பகுதி மனச்சோர்வு. அவளிடம் "சந்தோஷமாயிருக்க வேண்டிய நேரத்தில் அழுகிறாயே, ஜெபிக்கிறாயா?" என்று கேட்கும் முன்பு, இரவில் அவளைத் தூங்கவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்வது யார் என்று கணவனிடம் கேளுங்கள்.

அடிபட்டு வரும் பெண்களின் காரியம் இதைவிடக் கொடியது. கர்ப்பிணியின் புறங்கையில் காயம், தோளில் கன்றிய தழும்பு, "வழுக்கி விழுந்தேன்" என்ற பதில்: இவற்றை ஒவ்வொரு பிரசவ வார்டும் அறியும். அவர்களில் ஒருத்தி மெல்ல மெல்ல உண்மையைச் சொன்னபின், சபையில் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான் என்றிருக்கிறது, நீ அமைதியாக இருந்து அவனை ஆதாயப்படுத்து" என்று திருப்பி அனுப்பினார்களாம். இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்கிறவனின் காணிக்கையைக் கர்த்தர் ஏறெடுத்துப் பாரார் என்று மல்கியா எழுதியது அந்தச் சபைக்குத் தெரியாதா? "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யுங்கள் என்று பேதுரு புருஷர்களுக்கே எழுதினார். மனைவியை அடித்துவிட்டு வந்து ஆராதனை நடத்துகிறவனின் ஜெபம் கூரையைத் தாண்டாது என்று அப்போஸ்தலன் சொல்ல, நாம் அவளுக்குப் பொறுமையைப் போதித்துக்கொண்டிருக்கிறோம். ஒழுங்கு நடவடிக்கை என்று சபையில் ஒன்று இருக்கிறதே, அது அவன்மேல் பாயட்டும்.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. பிரசவத்துக்குப் போகிறவளுக்காக ஜெபிக்கும்போது 3:16-ஐ வாசிக்காதீர்கள். யோவான் 16:21-ஐ வாசியுங்கள், அல்லது ஒன்றையும் வாசிக்காமல் அவளுக்கு என்ன பயம் என்று கேளுங்கள். மருத்துவர் தரும் உதவியைக் கர்த்தருடைய கையிலிருந்து வருவதாக ஏற்றுக்கொள்ளலாம் என்று உங்கள் வாயாலேயே அவளிடமும் அவள் மாமியாரிடமும் சொல்லுங்கள். நாங்கள் நூறு முறை சொல்வதைவிட நீங்கள் ஒருமுறை சொல்வது எடுபடும். மணமக்களுக்கு ஆலோசனை சொல்லும் வகுப்பில் ஆதியாகமத்தின் மூன்று அதிகாரங்களையும் வரிசையாக வாசித்து, எது படைப்பு, எது காயம் என்று பிரித்துக் காட்டுங்கள். அடிக்கும் கணவனிடமிருந்து விலகி வந்தவளுக்குத் தங்க இடம் ஏற்பாடு செய்யுங்கள். பாதுகாப்பு உறுதியாகும் வரை சமரசம் என்ற பேச்சை எடுக்காதீர்கள். இந்த மடலில் வேதத்துக்கு விரோதமாக எதையாவது எழுதியிருக்கிறேன் என்று நீங்கள் கருதினால், வசனத்தைக் காட்டி எனக்குப் பதில் எழுதுங்கள். அப்படி எழுதும் முன்பு, உங்கள் சபையில் கடந்த ஆண்டு பிள்ளை பெற்ற தாய்மார்களில் ஒருவரையாவது உட்காரவைத்து, அந்த அறையில் தனக்கு என்ன சொல்லப்பட்டது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வு பெற்ற பிரசவ வார்டு செவிலி ஒருவர்